கௌபாய் போட்டிக்கு எந்த லீவர் துப்பாக்கி? 73-ஆ, 92-ஆ?

கேள்வி, 2024 மார்ச் 2

அண்ணா, டெக்சாஸ் வந்து ஏழு வருஷம் ஆகிறது, கிரீன் கார்டு வந்துவிட்டது. போன மாதம் நண்பர் ஒருவர் கௌபாய் ஷூட்டிங் போட்டி (பழைய காலத்து லீவர் ரைஃபிள், ரிவால்வர் வைத்து இலக்கைச் சுடும் ஆட்டம்) பார்க்கக் கூட்டிப்போனார், அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. வின்செஸ்டர் 1892, அதாவது 92 மாடல் கார்பைன் (குட்டை ரைஃபிள்), 16 இன்ச் குழல், .45 கோல்ட் தோட்டாவுக்கு வாங்கலாம் என்று இருக்கிறேன். ரிவால்வரும் .45-லேயே வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஒரே தோட்டா. 1873 மாடலான 73 விலை அதிகம், உள்ளே இருக்கும் டாக்கிள் அமைப்பு பலவீனம் என்றும் சொல்கிறார்கள். நான் நினைப்பது சரிதானே?

மார்ச் 3

தம்பி, பணம் கட்டிவிடாதே. 73 மாடல், 20 இன்ச் குழல், .357 அறை (தோட்டா உட்காரும் இடம்), அதைவிடக் குட்டையான .38 ஸ்பெஷலும் அதில் போகும், அதைப் போட்டுச் சுடு. காரணம் நாளை எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்புகிறேன்.

மார்ச் 4

சரி, காரணம். ஆறு வருஷம் முன்பு நானும் நீ எழுதியிருப்பதைத்தான் அப்படியே செய்தேன். .45 கோல்ட் 92, .45 ரிவால்வர் இரண்டு. அதனால் இதை விற்பனைக்காரன் மாதிரி சொல்லவில்லை, பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் 16 இன்ச். இந்தப் போட்டியில் ஒரு சுற்றுக்கு ரைஃபிளில் வழக்கமாக 10 தோட்டா. 16 இன்ச் குழலுக்குக் கீழே இருக்கும் குழாய் மேகஸினில் அநேகமாக 8 தான் கொள்ளும். மீதி இரண்டை மணி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொன்றாகப் பக்கத்துக் கதவு வழியாகத் தள்ள வேண்டும், அல்லது சுடாத ஒவ்வொன்றுக்கும் ஒரு மிஸ் என்று 5 நொடி வாங்கிக்கொள்ள வேண்டும். காட்டில் நடப்பவனுக்கு அந்தக் குட்டைத் துப்பாக்கி அருமையான துணை. இந்த ஆட்டத்துக்கு 20 இன்ச்சுக்குக் கீழே போகாதே.

அடுத்தது .45 கோல்ட். 1873-இலேயே வந்த பழைய தோட்டாதான், ஆனால் அந்தக் காலத்தில் வின்செஸ்டர் லீவர் ரைஃபிள் எதிலும் அது வரவில்லை. 73 ரைஃபிள் 44-40 தோட்டாவோடு பிறந்தது, 38-40, 32-20 எல்லாம் பிறகு சேர்ந்தவை. .45 கோல்ட் ரைஃபிள் என்பதே நம் காலத்து மறுபதிப்புகளில்தான். அதன் பித்தளைக் கூடு நேரானது, சுவர் தடிமன். போட்டிக்குப் போடுகிற குறைந்த வெடிமருந்துக்கு அந்தக் கூடு விரிந்து அறையை அடைப்பதில்லை, புகை பின்னால் திரும்பி உள்ளே வருகிறது. மாலையில் வீட்டுக்கு வந்து என் 92-ஐத் திறந்தால் போல்ட் (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் கட்டை), கேரியர் (தோட்டாவை மேலே தூக்கும் பகுதி), பக்கச் சுவர் எல்லாம் அடுப்புக்கரி பூசினது மாதிரி இருக்கும். வெளியே எடுத்த கூட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புக் கோடு. ஒன்றிரண்டு மாதம் ரசித்துத் துடைத்தேன். அப்புறம் அது வேலையாகிவிட்டது.

மூன்றாவது செலவு. .45-க்கு ஈயமும் அதிகம், உதையும் அதிகம். மாதம் இரண்டு போட்டி, நடுவில் பயிற்சி என்று போனால் துப்பாக்கி விலையைத் தோட்டா விலை தாண்டிவிடும். 73 விலை கூடுதல் என்கிறாயே, அந்த வித்தியாசத்தை .38 ஒரு வருஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடும் என்பது என் கணக்கு.

மார்ச் 6

டாக்கிள் பலவீனம் என்ற பேச்சுக்கு வருகிறேன், நேற்று இரண்டு பேர் அதையே கேட்டிருக்கிறார்கள்.

பலவீனம்தான், பொய்யில்லை. 1860 ஹென்றி, 1866 மாடலான 66, 73 மூன்றிலும் உள்ளே இருப்பது ஒரே எலும்பு. போல்ட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் முழங்கால் மூட்டு மாதிரி இணைப்புகள். லீவரை மூடினால் கால் நீட்டினதுபோல் ஆணிகள் ஒரே கோட்டில் வந்து பூட்டிக்கொள்ளும், திறந்தால் மடங்கும். ஜான் பிரவுனிங் வரைந்த 92-இல் பின்னாலிருந்து இரண்டு எஃகுக் கட்டைகள் மேலே ஏறி போல்ட்டைத் தாங்குகின்றன, அது மிக உறுதியான ஏற்பாடு.

ஆனால் நீ எதைச் சுடப்போகிறாய் என்று பார். சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி, நாங்கள் சாஸ் என்று சுருக்கிச் சொல்கிற அமைப்பு, 1987-இல் தொடங்கியது. உன் ஊர்க் கிளப்பும் அநேகமாக அதன் விதிப்படிதான் நடக்கும். அதில் ரைஃபிள் குண்டின் வேகம் நொடிக்கு 1400 அடியைத் தாண்டக்கூடாது, ரிவால்வருக்கு 1000. செம்பு உறை போட்ட குண்டு கூடாது, வெறும் ஈயம். இலக்கு எஃகுத் தகடு, எங்கள் கிளப்பில் பெரும்பாலும் 15 முதல் 25 கஜத்துக்குள், அகலம் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. நாங்கள் எல்லாரும் அந்த வரம்புக்கு வெகு கீழேதான் சுடுகிறோம். இந்த அளவு அழுத்தத்துக்கு 73-இன் முழங்கால் பல்லாயிரம் தோட்டா தாங்கும். 92-இன் பலம் நமக்கு உதவாத இடத்தில் இருக்கிறது.

பதிலுக்கு 73 கொடுப்பது அந்த ஓட்டம். தோட்டா இருக்கும் பித்தளைக் கேரியர், லிஃப்ட் மாதிரி நேராக மேலே வந்து அறைக்கு நேரே நிற்கும், போல்ட் அதை நேராகத் தள்ளும். சாய்வு, திருப்பம் எதுவும் இல்லை. எண்ணெய் போட்ட தையல் மிஷின் மாதிரி போகும்.

மார்ச் 9, இரவு

இன்று போட்டி. கை இன்னும் வலிக்கிறது. இந்த விவாதம் மனசில் இருந்ததால் என் அணியில் 18 பேர் ரைஃபிளையும் எண்ணினேன்: 73 பதினொன்று, 66 மூன்று, மார்லின் 94 இரண்டு, 92 ஒன்று, ஹென்றி ஒன்று. ஒரு கிளப், ஒரு நாள் கணக்கு, அவ்வளவுதான் அதன் மதிப்பு.

இதைவிட முக்கியமாக ஒன்று பார்த்தேன். தோற்றவர்கள் யாரும் லீவர் மெதுவாகப் போனதால் தோற்கவில்லை. கைதேர்ந்தவர்கள் பத்து தோட்டாவை 3 நொடிக்குள் கொட்டிவிடுகிறார்கள், எனக்கு 6 ஆகிறது. வித்தியாசம் 3 நொடி. ஒரு மிஸ்ஸுக்கு 5 நொடி! சுடும் வரிசை மாறினால் 10 நொடி. இன்று நான் ஆறு சுற்றில் நாலு மிஸ், அதில் இரண்டு அவசரத்தில் லீவரை முழுக்க மூடாமல் மறுபடி இழுத்ததால் சுடாத தோட்டா வெளியே குதித்தது.

அதனால் ஷார்ட் ஸ்ட்ரோக் பற்றிக் கேட்டவருக்கு: உள்ளே இருக்கும் இணைப்புகளை மாற்றி லீவர் போகும் தூரத்தைக் குறைக்கிற ஏற்பாடு அது. நல்லதுதான், என்னிடமும் இருக்கிறது. முதல் வருஷம் வேண்டாம். முதலில் கடினமான ஸ்பிரிங்குகளை மட்டும் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து இலகுவாக்கிக்கொள். லீவர் முழுக்க மூடும்வரை ட்ரிகரை அசையவிடாத சின்னத் தடுப்பு ஒன்று 73-இல் இருக்கிறது, அதைக் கழற்றச் சொல்கிறவன் பேச்சைக் கேட்காதே. முழங்கால் பூட்டாமல் தோட்டா வெடித்தால் போல்ட் உன் முகத்துக்குத்தான் வரும்.

மார்ச் 10

மூன்றாம் தேதி எழுதினதைத் திரும்பப் படித்தேன். 92-க்கு நான் அநியாயம் செய்திருக்கிறேன்.

எனக்கு ஒத்துவராதது .45-உம் குட்டைக் குழலும். 92-ஐக் குறை சொல்ல அது போதாது. 20 இன்ச், .357 அறையுள்ள 92 கார்பைன் எடை ஐந்தரை ஆறு பவுண்டுக்குள் அடங்கும், எண்கோணக் குழல் 73 எட்டுப் பவுண்டை நெருங்கும். தோள் வலி உள்ளவர், சின்ன உடம்புக்காரர், வளர்கிற பிள்ளை, இவர்களுக்கு இரண்டு பவுண்டு சின்ன விஷயமே இல்லை. நேற்று எங்கள் அணியில் 92 வைத்திருந்தவர் எழுபதைத் தாண்டிய பெண்மணி. ஒரு தோட்டாகூட மாட்டவில்லை, ஒரு மிஸ்கூட இல்லை, என்னைவிட 20 நொடி முன்னால் முடித்தார்.

விலையிலும் பிரேசிலின் ரோஸி தயாரிப்பு 92 இத்தாலிய 73-ஐவிட நன்றாகவே குறைவு. தோட்டா திணிக்கும் கதவின் ஸ்பிரிங் புதிதில் கெட்டி, ஓரமும் கூராக இருக்கும், கட்டைவிரல் நகத்துக்குக் கீழே கீறும். நுணுக்கமான உப்புத்தாள் வைத்து ஓரத்தைத் தேய்த்தால் சரியாகிவிடும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் .357 92-ஐ எடு, வருத்தப்படமாட்டாய். வேகம் வேண்டும் என்றால் 73. இதுதான் இப்போதைய என் கருத்து, முந்தையதைத் தள்ளிவிடு.

மார்ச் 17

"73-இல் .38 சிக்குகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று எழுதியிருக்கும் ஹூஸ்டன் அன்பருக்கு. முதலில் தோட்டாவின் நீளத்தை அளந்து பாருங்கள். எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு முழு சீசன் போனது.

வீட்டிலேயே தோட்டா கட்டுகிறவன் நான். ஈயம் மிச்சம் என்று 105 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குட்டைக் குண்டு வாங்கினேன். கட்டி முடித்தால் மொத்த நீளம் 1.40 இன்ச்சுக்குச் சற்று கீழே. போட்டியில் மூன்றாவது தோட்டா போனதும் லீவர் பாதியில் கல் மாதிரி நின்றது. இழுத்தாலும் நகரவில்லை, தள்ளினாலும் நகரவில்லை. துப்பாக்கியைப் பக்கவாட்டில் கொண்டுவந்து கதவைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கேரியருக்குள் ஒரு தோட்டா முழுசாக இருக்கிறது, அதன் மூக்குக்கு முன்னால் அடுத்த தோட்டாவின் விளிம்பு ஒரு நகக்கண் அளவு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அந்தப் பித்தளை விளிம்பு கேரியரின் மேல் ஓரத்தில் கடித்து ஒரு பிறைத் தழும்பு போட்டிருந்தது.

காரணம் இது. 73-இல் மேகஸினை அடைக்கத் தனி கதவு ஏதும் இல்லை. கேரியரில் உட்கார்ந்திருக்கும் தோட்டாவே தன் நீளத்தால் அடுத்ததை வெளியே நிறுத்துகிறது. குட்டையானால் அடுத்தது உள்ளே நுழைகிறது, நீளமானால் இதன் மூக்கே மேகஸினுக்குள் மாட்டிக்கொள்கிறது. எப்படியானாலும் கேரியர் ஏறாது. .38 ஸ்பெஷலின் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச நீளம் 1.55 இன்ச், .357-க்கு 1.59. நான் இப்போது 125 கிரெய்ன் தட்டை மூக்குக் குண்டில் 1.50-க்கு மேலே வைத்துக் கட்டுகிறேன், அதற்குப் பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒவ்வொரு துப்பாக்கியும் சற்று மாறும், உங்களுடையதற்கு எது பிடிக்கிறது என்று பத்துப் போலித் தோட்டா கட்டிப் பாருங்கள். வெடிமருந்தும் கேப்பும் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) இல்லாமல்.

தட்டை மூக்கு என்றது ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். குழாய் மேகஸினில் ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் கேப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். கூரான மூக்கு உதையில் கேப்பைக் குத்தி வெடிக்கவைத்துவிடலாம், அங்கே ஆகாது.

மார்ச் 19

எச்1பி-யில் இருக்கும் ஒருவர் "நண்பர் துப்பாக்கியை ரேஞ்சில் இரவல் வாங்கிச் சுட்டால் போதாதா" என்று கேட்டிருக்கிறார். இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும், பலர் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். கிரீன் கார்டு இருந்தால் கூட்டரசுச் சட்டப்படி வாங்கலாம், 4473 படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனை முடிந்தால் சரி. எச்1பி போன்ற குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர், விதிவிலக்கு ஏதும் இல்லாமல், துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். ரேஞ்சில் கையில் வாங்குவதும் அதில் வரும். செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் ஒரு விதிவிலக்கு. டெக்சாஸில் அது ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடியும், செப்டம்பரில் புதிதாக எடுக்க வேண்டும். மாநிலச் சட்டங்கள் வேறு வேறு. ஒரு சனிக்கிழமை சந்தோஷத்துக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்கள், முதலில் வக்கீலிடம் பேசுங்கள்.

மார்ச் 24

தோளில் வைக்கும் மரக்கட்டை பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 73 ரைஃபிளில் தோளில் படும் பின்முனை பிறை மாதிரி வளைந்து, மேலும் கீழும் கூரான கொம்போடு வரும். படத்தில் அழகாக இருக்கும். சட்டை மட்டும் போட்டுக்கொண்டு தோள்குழியில் வைத்துச் சுட்டால் மாலையில் இரண்டு நீலப் புள்ளி. அது தோள்குழிக்குச் செய்ததே இல்லை, கொஞ்சம் வெளியே தள்ளி புஜம் சேருமிடத்தில் வைத்தால் கச்சிதமாக உட்காரும். நமக்கோ தோள்குழியில் வைத்துத்தான் பழக்கம். கார்பைன் மாடல்களின் பின்முனை தட்டை, அதைக் கேட்டு வாங்கு.

லீவருக்குத் தோல் சுற்றுவது விதிப்படி அனுமதி. பத்து பயிற்சி போனால் விரல் முட்டி தானாகவே அதைச் செய்யச் சொல்லும்.

ஏப்ரல் 2

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 44-40 பற்றி ஒருவர் கேட்டார், அது எனக்கு மிகப் பிடித்த பேச்சு.

கருமருந்தில் சுடுகிறவர்களுக்கு 44-40-க்கு ஈடில்லை. கூடு கழுத்தில் சற்றுச் சுருங்கி, சுவர் காகிதம் மாதிரி மெல்லியதாக இருப்பதால் சின்ன அழுத்தத்துக்கே விரிந்து அறையை இறுக்கி அடைத்துவிடும். .45-இல் கரி பூசின அதே இடம் இதில் பளிச்சென்று இருக்கும். கட்டும்போது பொறுமை வேண்டும், அந்த மெல்லிய கழுத்து அச்சில் சற்றுக் கோணலாகப் போனாலும் கசங்கிவிடும்.

எங்கள் கிளப்பில் ஹென்றி வைத்திருப்பவர் இதைத்தான் போடுகிறார், இத்தாலியில் கார்தோனே வால் திரோம்பியாவில் உபெர்ட்டி செய்த மறுபதிப்பு. முதலில் வந்த ஹென்றி மொத்தம் 14,000 அளவுதான், இன்று ஒன்று வாங்க வீட்டை அடகு வைக்க வேண்டும். 1959-இல் ஆல்டோ உபெர்ட்டி பழைய கோல்ட் ரிவால்வரை மறுபடி செய்யத் தொடங்கியிருக்காவிட்டால் இந்த ஆட்டம் பணக்காரர் வீட்டுக் கண்ணாடி அலமாரியோடு நின்றிருக்கும் என்று நிஜமாகவே நினைக்கிறேன்.

ஹென்றிக்குக் குழலுக்குக் கீழே மரப்பிடி கிடையாது. வெறும் குழல்தான், பத்து தோட்டாவில் கொதிக்கும், அவர் இடது கைக்குத் தோலுறை போடுகிறார். மேகஸினைத் தள்ளும் காது ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சுடச்சுட அது முகத்தை நோக்கி நகர்ந்து இடது கையில் வந்து முட்டும். அந்த நொடியில் கையை ஒரு தாவு தாவி அதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். இதற்கு 'ஹென்றி ஹாப்' என்றே பெயர். 1866-இல் பக்கக் கதவும் மரப்பிடியும் வந்ததும் இந்தத் தொல்லை போய்விட்டது. வெண்புகைக்கு நடுவே அவர் தாவுவதைப் பார்க்க நான் என் முறையை விட்டுக்கூட ஓடுவேன்.

முதல் ரைஃபிளாக வாங்காதீர்கள். நான்காவதாக வாங்குங்கள்.

ஏப்ரல் 13, இரவு

கேள்வி கேட்ட தம்பி இன்று நேரில் வந்தான். இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கிறான். பாதுகாப்பு விதி எல்லாம் முன்பே படித்துவிட்டு வந்திருந்தான், லோடிங் மேஜையில் கைவைக்கும் முன்பே "காலி அறை மேல் ஹாமர் இறங்கியிருக்கணும், சரிதானே அண்ணா" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற மூத்த ரேஞ்ச் அதிகாரி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

என் 73, அந்த அம்மாவின் 92, இன்னொருவரின் 66, மூன்றையும் கொடுத்துப் பார்த்தோம். என் துப்பாக்கியில் ஷார்ட் ஸ்ட்ரோக் இருப்பதால் அவனுக்குப் பழகவில்லை, அதில் மூன்று மிஸ். 66-இல் ஒன்று. 92-இல் எல்லாம் பட்டது. அப்படியானால் 92-தான் போலிருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன், அவன் 66-ஐக் கீழே வைக்காமல் லீவரைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தான். கையில் வாங்கின பிறகு ஆள் எதற்கு மயங்குகிறான் என்பதை எழுதி எழுதி யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றரை மாதமாக நான் இத்தனை பத்தி எழுதினதற்குப் பதில் முதல் நாளே "வா, சுட்டுப் பார்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

66 எடுப்பதில் தவறே இல்லை. உள்ளே 73-இன் அதே எலும்புதான். உடம்பு பித்தளை, எடை சற்று ஏறும், மேலே தூசிமூடி கிடையாது. .38 ஸ்பெஷல் அறைக்கு வருவதைப் பார்த்து வாங்கு, அதில் .357 போகாது, நமக்குத் தேவையும் இல்லை.

மே 5

வாங்கிவிட்டான். யாரோ இரண்டு சீசன் சுட்டுவிட்டு விற்ற 66 கார்பைன், .38, 19 இன்ச் குழல், பத்துத் தோட்டா கொள்கிறது. ஸ்பிரிங் வேலை முன்பே செய்திருக்கிறார்கள், பித்தளையில் நிறம் மங்கி வெல்லக்கட்டி மாதிரி இருக்கிறது. கடைத் தோட்டா ஒன்றைக் காலிப்பரில் வைத்துப் படம் அனுப்பியிருந்தான், 1.47 காட்டியது. பத்துப் போலித் தோட்டாவை ஐந்து முறை ஓட்டிப் பார்த்தானாம், ஒன்றும் நிற்கவில்லை.

சாஸில் சேரப் பட்டப்பெயர் ஒன்று வேண்டும், வேறு யாரும் எடுத்திராததாக இருக்க வேண்டும். அவன் கொடுத்த முதல் மூன்றும் முன்பே போய்விட்டன. நல்ல பெயர் தோன்றுகிறவர்கள் கீழே எழுதுங்கள், சனிக்கிழமைக்குள் படிவம் அனுப்ப வேண்டும்.